தென்னை மரமே, ஸ்மைல் ப்ளீஸ்!

எனக்கும் காமிராவுக்கும் ஜாதகப் பொருத்தம் கிடையாது. நான் எடுத்த கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைக்குத் தலை இருக்காது. தலை இருந்தால் அது மாப்பிள்ளையாக இருக்காது. இப்படிப்பட்டவன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு செகண்ட்ஹாண்ட் டிஜிட்டல் காமிராவையும், கூடவே ஒரு முழ நீள ஜூம் லென்ஸையும் தவணையில் வாங்கி வந்தபோது, என் மனைவி கேட்ட ஒரே கேள்வி: "இதுல சாம்பார் வைக்க முடியுமா?"

வாங்கியது 2018 அக்டோபரில். முதல் மாதத் தவணை கட்டுவதற்குள், அதாவது நவம்பர் 16 விடியற்காலையில், கஜா வந்துவிட்டது.

கஜா என்றால் யானை. வங்கக் கடலில் பிறக்கும் புயல்களுக்குச் சுற்றியுள்ள நாடுகள் முறை வைத்துப் பெயர் சூட்டும். இந்தப் பெயர் இலங்கை தந்தது. பொருத்தமான பெயர்தான். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, கரும்புத் தோட்டத்தில் யானை புகுந்த மாதிரி டெல்டா முழுக்க நடந்து, மேற்குப் பக்கமாக அரபிக் கடலில் போய் இறங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னை மரங்கள் லட்சக்கணக்கில்.

அந்த லட்சக்கணக்கில் 168 மரங்கள் என் சித்தப்பாவுடையவை.

*

பட்டுக்கோட்டைப் பக்கம் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு. மொத்தம் 220 மரம். ஒரு வாரம் கழித்துத்தான் லைன் கிடைத்தது. நலம் விசாரிப்பதற்குள் அவரே பேசினார்.

"தம்பி, ஏதோ காமிரா வாங்கியிருக்கியாமே. தூக்கிக்கிட்டு வா. கணக்கெடுக்க வர்றாங்க. அதுக்குள்ள பாதையில கிடக்கற மரத்தையெல்லாம் அறுத்துத் தள்ளணும். அறுத்தப்புறம் இங்க மரம் இருந்துச்சுன்னு எவன் நம்புவான்?"

ஆம்னி பஸ் பிடித்துப் போனேன். ஊரில் கரண்ட் இல்லை. காமிரா பாட்டரியை ஒரு ஜெனரேட்டர் வாடகைக்காரரிடம் முப்பது ரூபாய்க்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு தோப்புக்குள் நுழைந்தேன். சும்மா சொல்லக்கூடாது, கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் லீவுக்குப் போனால் வெயிலே தெரியாத இடம். இப்போது ஆகாசம் முழுக்க உள்ளே வந்துவிட்டிருந்தது. மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலைவைத்து, வரிசையாக, யாரோ படுக்கவைத்த மாதிரி கிடந்தன.

கண் கலங்கியது ஒரு நிமிஷம்தான். அப்புறம் உள்ளே இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான்! சாய்ந்த மரத்தின் இடுக்கில் சூரியன், தேங்கின தண்ணீரில் ஓலையின் நிழல், வேர்க்கட்டின் மேல் ஒரு ஒற்றை மைனா. மண்ணில் படுத்துப் புரண்டு எடுத்தேன். சாயங்காலம் காமிராவின் பின்பக்கத் திரையில் சித்தப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல எத்தனை மரம்னு எண்ண முடியலையேப்பா?"

மறுநாள் அவரே டைரக்ட் செய்தார். ஒரு டப்பா சுண்ணாம்பு. ஒவ்வொரு அடிமரத்திலும் நம்பர். ஒன்று, இரண்டு, மூன்று என்று 168 வரை. நம்பர் தெரிய ஒரு படம், வேரும் குழியும் தெரிய ஒரு படம், பின்னணியில் மோட்டார் ஷெட் வருகிற மாதிரி ஒரு படம். ரேஷன் கார்டுக்கு எடுப்பது போல. கலைஞனுக்கு உள்ளுக்குள் எரிச்சல். 168வது மரத்தை எடுத்து முடித்ததும் கவனித்தேன். காமிராவின் கடிகாரம் தவறு. பழைய காமிரா அல்லவா, உள்ளே இருந்த குட்டி பாட்டரி செத்து, தேதி 2014 ஜனவரி ஒன்று என்று காட்டிக்கொண்டிருந்தது. அதாவது என் ஆவணப்படி, புயல் வருவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து வருஷம் முன்பே சித்தப்பாவின் மரங்கள் விழுந்துவிட்டன!

தேதியைச் சரிசெய்து மறுபடி ஒன்றிலிருந்து.

நஷ்டஈடு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்திருந்தது. பி.காம். மூளை சும்மா இருக்குமா? சித்தப்பாவின் கணக்கில் ஒரு மரம் வருஷத்துக்கு எண்பது காய். காய் பத்து ரூபாய் என்றால் எண்ணூறு. புதுக் கன்று வைத்து அது காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம். காய்க்கும் மரத்தை மெஷின் மாதிரி நிரந்தரச் சொத்தாக எழுத வேண்டும், அதில் தொங்கும் காய் தனிக் கணக்கு என்று இந்தியக் கம்பெனிகளுக்கான கணக்கியல் தரத்திலேயே 2016லிருந்து இருக்கிறது. ஆனால் மெஷின் உடைந்தால் அடுத்த வாரம் புது மெஷின் வந்துவிடும். தென்னையை அடுத்த வாரம் டெலிவரி தரும் கம்பெனி எதுவும் இல்லை.

*

இப்போது நான் சொல்லவே வெட்கப்படுகிற பகுதி.

விழாமல் நின்ற மரங்கள் 52. அதில் 31 மரங்களின் தலை திருகியிருந்தது. ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி ஓலையெல்லாம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றன. இரண்டாம் நாள் சாயங்காலம், ஐந்தரை மணி வெளிச்சம். (காமிராக்காரர்கள் இதைப் பொன்வேளை என்று கொண்டாடுவார்கள்.) அந்த 31 மரமும் மேற்கே வரிசையாக, மஞ்சள் வெயிலில், தலை கலைந்த வீரர்கள் மாதிரி நின்றன. நான் குனிந்து அகல லென்ஸில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா தோளைத் தட்டினார். "தம்பி, அந்தப் பெரிய லென்ஸைப் போட்டு இதுக கொண்டையை ஒவ்வொண்ணா கிட்டக்க எடுத்துடு. குருத்து திருகிப்போச்சு. இதுகளும் நிக்காது."

"அதெல்லாம் பொழச்சுக்கும் சித்தப்பா! விழுந்ததைப் பார்ப்போம்" என்றேன். வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரம். ஜூம் லென்ஸ் பையிலேயே இருந்தது. நான் தாவரவியல் படித்தவன் இல்லை. ஆனாலும் டாக்டர் மாதிரி சொன்னேன்.

தென்னையைப் பற்றி ஒரு விஷயம், ஊரில் ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. மாமரம், வேப்பமரம் எல்லாம் கிளை ஒடிந்தால் இன்னொரு கிளை விடும். தென்னைக்கு வளரும் இடம் ஒன்றே ஒன்றுதான், உச்சியில் இருக்கும் குருத்து. அது போனால் மரம் போச்சு. வேர் நன்றாக இருக்கலாம், தண்டு உருக்குத் தூண் மாதிரி இருக்கலாம். பிரயோஜனமில்லை. உள்ளே செத்துவிட்டு, வெளியே சில மாதம் பச்சையாக நிற்கும்.

கணக்கெடுக்க வந்தவர் விழுந்தவற்றை எழுதினார். நம்பர் போட்ட படங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நின்றவை நின்றவைதான்.

2019 பிப்ரவரியில் ஒரு போட்டோகிராபி கிளப்பின் போட்டிக்கு அந்த மஞ்சள் வெயில் படத்தை அனுப்பினேன். தலைப்பு: 'நிமிர்ந்து நில்!' இரண்டாம் பரிசு, 2,500 ரூபாய், ஒரு ஷீல்டு. நடுவர் மைக்கைப் பிடித்து, இயற்கையின் தன்னம்பிக்கை பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். ஷீல்டை டி.வி. மேல் வைத்தேன். மனைவி முதல்முறையாகக் காமிராவை மரியாதையாகப் பார்த்தாள்.

பங்குனியில் சித்தப்பா போன் செய்தார்.

"ஒவ்வொண்ணா கொண்டை உதிருது தம்பி. மொட்டையா தூணு மாதிரி நிக்கிது. மனு குடுக்கலாம்னு இருக்கேன். நீ அன்னிக்கு எடுத்தியே ஒரு படம், அதுல குருத்து தெரியுதா பாரு."

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் கறுப்பு நிழல். வெயிலுக்கு எதிராக எடுத்தால் அப்படித்தான் வரும். அதற்குத்தான் பரிசே கொடுத்தார்கள்!

31 மரம், மரத்துக்கு 1,100 வீதம் 34,100 ரூபாய். படம் இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீட்டுவதற்கு அவர் கையில் ஒரு காகிதம் இருந்திருக்கும். 2,500 ரூபாயை அவருக்கு அனுப்பினேன். "எதுக்குப்பா?" என்று கேட்டார். தென்னங்கன்று வாங்க என்று சொல்லிச் சமாளித்தேன்.

*

இதற்கு நேர் எதிரான முட்டாள்தனம் ஒன்றையும் அதே பயணத்தில் செய்திருந்தேன். 2018 டிசம்பர் முதல் வாரம், சித்தப்பா மகனின் டூவீலரில் கோடியக்கரை போனேன்.

போகாதவர்களுக்கு: தமிழ்நாட்டு வரைபடத்தில் மூக்கு மாதிரி கிழக்கே நீட்டிக்கொண்டு, அங்கிருந்து கரை சட்டென்று மேற்கே திரும்புகிறதே, அந்த மூக்கு நுனி. 1967லிருந்து வனவிலங்கு சரணாலயம். புல்வெளியில் வெளிமான்கள், சேற்று நீரில் பூநாரைகள், எப்போதோ யாரோ விட்டுவிட்டுப் போன குதிரைகளின் வாரிசுகள், உள்ளே எப்போதும் இலையுதிராத பாலை மரக் காடு. கஜா இதன் மேல்தான் ஏறிப் போனது. மான்களும் குதிரைகளும் கடலில் அடித்துப் போய் வேறு கரைகளில் ஒதுங்கின.

நான் போனபோது காடு எரிந்த மாதிரி இருந்தது. தீ இல்லை, காற்றும் உப்பும். ஒரு இலை பாக்கியில்லை. பெரிய பாலை மரம் ஒன்று, விரலை விரித்த கை மாதிரி மொட்டையாக நின்றது. கறுப்பு வெள்ளையில் எடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் 'மரணம்' என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். ஆகா ஓகோ.

அங்கே காவல் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் கூடவே வந்தார். நான் எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அடுத்த வருஷமும் வருவீங்களா சார்?"

"ஏன்ணே?"

"இல்ல, நிறையப் பேரு வர்றாங்க. ஒருவாட்டி எடுத்துட்டுப் போயிடறாங்க. மறுக்கா வந்து அதே எடத்துல நின்னு பாக்கறவங்கதான் இல்ல."

போனேன். 2019 டிசம்பரில், தென்னைக் குற்ற உணர்ச்சி உறுத்த, அதே இடத்தைத் தேடிப் போனேன். 'மரணம்' முழுக்கத் தளிர் விட்டு, குரங்கு ஒன்று அதில் உட்கார்ந்து எனக்குப் பல்லைக் காட்டியது. செத்ததாக நான் அறிவித்தது உயிரோடு. நிமிர்ந்து நிற்பதாக அறிவித்தது செத்து. என் காமிராவின் பார்வை அவ்வளவு கூர்மை!

பெரியவர் இன்னொரு பக்கம் கூட்டிப் போனார். கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரே பச்சை. காமிராவைத் தூக்கினேன்.

"அது சீமைக்கருவேலம் சார். மானுக்குப் புல்லுதான் வேணும், வெட்டவெளி வேணும். இது பரவிட்டா புல்லு போச்சு, ஓட எடம் போச்சு. போட்டோல பாக்கறவங்க காடு செழிச்சிருக்குன்னுதான் நெனைப்பாங்க."

காமிராவைக் கீழே இறக்கினேன். அப்புறம் மறுபடி தூக்கி, கருவேலம் எங்கே முடிகிறது, புல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். அந்தக் கோடு அடுத்த வருஷம் எங்கே இருக்கும் என்பதுதானே விஷயம்.

*

ஒரே இடத்தில் நின்று வருஷா வருஷம் எடுப்பது என் கண்டுபிடிப்போ பெரியவர் கண்டுபிடிப்போ அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் என்ற கணித மேதை 1880களிலேயே ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகளை இப்படி எடுக்க ஆரம்பித்தார். பனியாறு நகர்வது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். அவ்வளவுதான் சூத்திரம்.

இன்னொரு தினுசு ஆட்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பெத் மூன் என்ற பெண்மணி உலகத்துக் கிழட்டு மரங்களைத் தேடித் தேடிப் படமெடுப்பவர். ஆப்பிரிக்காவின் பவோபாப் மரங்கள் (நம்மூரில் ஆனைப்புளி, பெருக்க மரம் என்பார்கள்) ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழக்கூடியவை. அவற்றில் மிக வயதான 13 மரங்களில் 9, பன்னிரண்டு வருஷத்துக்குள் முழுசாகவோ பகுதியாகவோ செத்துவிட்டன என்று 2018இல் ஒரு ஆராய்ச்சிக் குழு எழுதியது. பருவநிலை மாற்றம் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள், தீர்மானமாகச் சொல்லவில்லை. அந்த நாணயம் எனக்குப் பிடித்திருந்தது.

கஜா விஷயத்திலும் அதே நாணயம் வேண்டும். நாகப்பட்டினம் புயல் பார்க்காத ஊர் இல்லை. 1952இல் ஒன்று, 1977இல் ஒன்று. சித்தப்பா இரண்டாவதைப் பார்த்தவர். ஆகவே கஜாவைக் காட்டி, 'பார்த்தாயா, பூமி சூடானதன் விளைவு' என்று ஒரே போடாகப் போட முடியாது. ஆனால் புயலுக்குச் சாப்பாடு சூடான கடல்தான். மேல்நீர் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அது பசியாறும். சமையலறையில் பாத்திரம் எப்போதும் நிரம்பியிருந்தால் விருந்தாளி என்ன செய்வார்? உலகெங்கும் வருகிற புயல்களில் உக்கிரமானவற்றின் பங்கு கடந்த நாற்பது வருஷத்தில் கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021இல் சொன்னது. 2011இல் தானே கடலூரின் பலா, முந்திரியை. 2016இல் வர்தா சென்னையின் நிழலை. 2017இல் ஒக்கி குமரியின் ரப்பரை, வாழையை. மறு வருஷம் கஜா தென்னையை. தென்னைக்கு மூச்சு விட்டுக் காய்க்க ஐந்தாறு வருஷம் வேண்டும். அந்த அவகாசம் கிடைக்குமா என்பதுதான் சித்தப்பாவின் கவலை. பூமியின் சராசரி உஷ்ணம் பற்றி அவரிடம் பேசினால், "அது கெடக்கட்டும், இந்தக் கார்த்திகை தாண்டுமா சொல்லு" என்பார்.

*

இப்போது என் வழக்கம் இது. வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பரில், காலை எட்டு மணிக்கு. தோப்பில் மோட்டார் ஷெட்டின் வடக்கு மூலையில் ஒரு கல் நட்டிருக்கிறோம். அதன் மேல் கால் வைத்து, நெஞ்சு உயரத்தில் காமிரா, 35 எம்.எம்., கிழக்கு நோக்கி. போன வருஷப் படத்தின் பிரிண்ட் கையில். கிணற்றுச் சுவர், ஷெட் கூரை, தூரத்துக் கோயில் கோபுரம் மூன்றும் பழைய படத்தில் இருந்த அதே இடத்தில் வரும்வரை முன்னே பின்னே நகர்வேன். மழைக்காலப் படத்தையும் கோடைப் படத்தையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், அதனால் மாதத்தை மாற்றுவதில்லை. பொன்வேளை கிடையாது. கறுப்பு வெள்ளை கிடையாது. தேதியை மூன்று தடவை பார்ப்பேன். கோடியக்கரையில் இரண்டு இடம்: பாலை மரம் ஒன்று, கருவேலக் கோடு ஒன்று.

நல்ல காமிரா வேண்டுமே என்கிறீர்களா? உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன் போதும். ஆபீஸ் ஜன்னலில் தெரிகிற தூங்குமூஞ்சி மரத்தை, டீ டைமில், அதே ஜன்னலிலிருந்து மாதம் ஒருமுறை எடுத்து வையுங்கள். மேனேஜர் கேட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

இந்தப் படங்கள் எந்தப் போட்டியிலும் ஜெயிக்காது. ஒருமுறை ஆசைப்பட்டு அனுப்பினேன். 'அடுத்த முறை முயற்சிக்கவும்' என்று பதில் வந்தது. ஆறாம் வருஷமும் அதே கிணறு, அதே ஷெட் என்றால் யார் பரிசு தருவார்கள்!

2019 ஆடியில் சித்தப்பா வைத்த கன்றுகள் அந்தப் படங்களில் முதலில் தெரியவே தெரியாது. அடுத்த படத்தில் புல் மாதிரி. அதற்கடுத்ததில் விசிறி மாதிரி. எது எவ்வளவு உயரம் என்று எனக்குப் பிடிபடவில்லை, அளவுக்கு ஏதாவது நிற்க வேண்டும் என்றேன். சித்தப்பா தானே போய் மூன்றாம் வரிசை முதல் கன்றின் பக்கத்தில் நின்றுகொண்டார். அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் அவர் இருக்கிறார், ஐந்தடி நாலங்குலம். முதலில் கன்று அவர் முட்டி வரை. பிறகு தோள் வரை. ஒரு வருஷம் இருவரும் சமம்.

2024 கார்த்திகையில் ஓலைகள் அவர் தலைக்கு மேல் போய்விட்டன. முதல் பாளை வெடித்திருந்தது. நான் கல்லின் மேல் ஏறி, கோபுரத்தைச் சரிபார்த்து, தேதியைச் சரிபார்த்து, "ரெடியா சித்தப்பா?" என்றேன்.

"இருப்பா" என்றார். திரும்பி அண்ணாந்து கன்றின் குருத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"இப்ப எடு. கொண்டையும் சேத்து எடு."